எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

நம் ஊர்க் கடைவீதிகளில் சில கடைகளின் பலகையில், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. அல்வாக் கடை, நாட்டு மருந்துக் கடை, பாத்திரக் கடை என்று பேதமில்லை. அடுத்த தெருவில் அதே பெயரில் வேறொருவர் கடை போட்டுவிட்டார் என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். இந்த ருசி வேண்டுமானால் இங்கேதான் வந்தாக வேண்டும் என்ற மிதப்பாகவும் இருக்கலாம். அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்த கதையும் சில பலகைகளுக்குப் பின்னால் உண்டு. வணிக நிர்வாகம் படித்தவருக்கு இந்த வரி விளங்கவே விளங்காது. வளரவில்லை என்பதை ஒருவர் ஏன் காசு கொடுத்து பெயின்ட் அடித்து மாட்டிவைக்க வேண்டும்?

நான் வசிக்கும் பட்டான்செருவில் கிளை இல்லாத கடைகள் ஏராளம். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வயது எந்தக் கடைக்கும் ஆகவில்லை. ஹைதராபாத்தின் நடுவிலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டர், மும்பை நெடுஞ்சாலையின் மேல் கிடக்கிற ஊர் இது. ஊரென்னவோ பழையதுதான். இங்கே கிடைத்த சமணச் சிற்பங்கள் ஹைதராபாத் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு சொல்லும்படியான வரலாறு 1960களில்தான் மறுபடி ஆரம்பிக்கிறது: பக்கத்து ராமச்சந்திரபுரத்தில் பெல் நிறுவனம், அதன் வழியாக வந்து தங்கிய எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள், 1972இல் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், அதையொட்டித் தொழிற்பேட்டை, மருந்து ஆலைகள். சமணச் சிற்பத்துக்கும் சிமென்ட் ஷட்டருக்கும் நடுவே, தூண் வைத்த தாழ்வாரம், சுண்ணாம்புக் காரை, வளைவு வாசல் என்று சுத்தம் செய்து விளக்குப் போட்டு வாடகைக்கு விடும்படி ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை. எனவே பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் அதில் யார் கடை வைப்பது என்ற சண்டை எங்கள் ஊருக்கு வர வழியில்லை. அதைப் பார்க்க 218ஆம் எண் பேருந்தில் கோட்டி பக்கம் போக வேண்டும். நாம்பள்ளியில் இறங்கி நடந்தால் மொஸாம் ஜாஹி மார்க்கெட் வந்துவிடும்.

கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் இரண்டாவது மகன் மொஸாம் ஜாவின் பெயரில் 1935இல் கட்டிய சந்தை அது. கருங்கல் சுவர்கள், வரிசையாக வளைவுகள், சாலைகள் கூடும் முனையில் மணிக்கூண்டு, அங்கிருந்து இரண்டு கைகளாக விரியும் கடை வரிசைகள், நடுவே திறந்த முற்றம். நூற்றுச் சொச்சம் கடைகள். ஒரு காலத்தில் நகரத்தின் பழச்சந்தையே இதுதான். 1980களில் பழ வியாபாரம் கட்டியன்னாரத்துக்குப் போனது. பிறகு கட்டடத்துக்கு நம் நாட்டுக் கட்டடங்களுக்கெல்லாம் நேர்வதே நேர்ந்தது. கல்லின் மேல் பெயின்ட், வளைவுகளுக்கு முன்னால் தகரப் பந்தல், மேலே செடி முளைத்த விரிசல், தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்ட கடிகாரம்.

2018இல் தெலங்கானா அரசின் நகராட்சித் துறை இதைக் கையில் எடுத்தது. துறைச் செயலாளராக இருந்த அரவிந்த் குமார் தனிக் கவனம் செலுத்தினார். தகரங்கள் அகற்றப்பட்டன, பெயின்ட் சுரண்டப்பட்டது, ஒழுகும் தளம் சரிசெய்யப்பட்டது, கடிகாரம் ஓடியது, கடைப் பலகைகள் அடக்க ஒடுக்கமாயின. 2020 ஆகஸ்டில், கொரோனாவின் நடுவில், சந்தை மறுபடி திறந்தது. இந்தியாவில் அரசு எடுத்துச் செய்த புதுப்பிப்புகளில் கண்ணை உறுத்தாதவை கொஞ்சம்தான். இது அவற்றில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். மாலை ஏழு மணிக்கு மஞ்சள் வெளிச்சத்தில் அந்தக் கருங்கல்லைப் பார்ப்பவர்களுக்கு இது இத்தனை நாளும் இங்கேயா இருந்தது என்று தோன்றும்.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கட்டடம் புதிதானது, கடைகள் பழையவையாகவே இருக்கின்றன. ஃபேமஸ், ஷா, பிலால் என்று ஐஸ்கிரீம் கடைகள் அதே இடத்தில் இருக்கின்றன. முற்றத்தில் மேசைகள், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். மாம்பழக் காலத்தில் மாம்பழம், மழை ஓய்ந்ததும் சீத்தாப்பழம். மகபூப்நகர் பக்கத்து மேட்டு நிலத்தில் விளையும் சீத்தாப்பழம் இந்த நகரத்தில் தேவாமிர்தம். செய்முறை எளிது, உழைப்புத்தான் அதிகம். பழத்தைப் பிளந்து, சதையை வழித்து, ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கி எடுக்க வேண்டும். மரத்தொட்டியில் ஐஸ் கட்டியும் கல்லுப்பும் மாறி மாறிக் கொட்டி, நடுவே பாலும் பழமும் நிரப்பிய உலோகக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு சேர்ந்த பனி பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். குடுவையின் உட்சுவரில் படலம் படலமாகப் பால் இறுகும். அதை வழித்து நடுவுக்குத் தள்ள வேண்டும். இயந்திர ஐஸ்கிரீமில் காற்று நிறைய ஏறும். இதில் ஏறாது. அதனால்தான் கரண்டி கனமாக இறங்குகிறது. எத்தனை கவனமாகச் செய்தாலும் எப்போதாவது ஒரு கொட்டை பல்லில் அகப்படும். அதற்காகக் கோபித்துக்கொண்டவர்களை அங்கே பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கட்டுரை தானாக ஒரு பக்கம் சாயப் பார்க்கும். கையால் சுற்றுகிற தனிக்கடை நல்லது, ஆயிரம் ஊரில் ஒரே ருசியை விற்கிற தொடர்கடை கெட்டது என்று எழுதிவிட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் சீத்தாப்பழ ஐஸ்கிரீமை இந்தியா முழுக்கக் கொண்டுபோன நேச்சுரல்ஸ், 1984இல் மும்பை ஜுஹுவில் ரகுநந்தன் காமத் திறந்த ஒரு சின்னக் கடை. அதுகூட வேண்டாம், இதே மார்க்கெட்டிலேயே சான்று உண்டு. தேசப் பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி 1953இல் இங்கே ஒரு ரொட்டிக்கடை வைத்தார். விட்டுவந்த நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். கராச்சி பேக்கரியின் பழ பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடிக்காமல் ஹைதராபாத்தைவிட்டுக் கிளம்பும் தமிழர் குறைவு. விமான நிலையத்தில் கிடைக்கிறது, பல நகரங்களில் கிளை இருக்கிறது. எம்.ஜே. மார்க்கெட்டில் இருப்பதும் அந்தத் தொடரில் ஒன்றுதான். அப்படியானால் அதைத் தொடர்கடை என்பதா, அந்தச் சந்தையின் சொந்தப் பிள்ளை என்பதா? செகந்திராபாத்தில் பாரடைஸும் அதே 1953இல் ஒரு சினிமாக் கொட்டகையை ஒட்டிய சின்ன ஓட்டலாகத் தொடங்கியதுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதில் புதுமையே கிடையாது. மவுண்ட் ரோட்டின் பழைமை என்று நாம் உருகும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பென்சர் அன்று இந்தியா முழுக்கக் கிளை பரப்பிய நிறுவனம், ரயில்களில் சாப்பாடு போட்டது, ஓட்டல் நடத்தியது. 1844இல் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ் தென்னிந்திய ரயில் நிலையங்கள்தோறும் புத்தகக் கடை வைத்திருந்தது. அந்தக் காலத்துத் தொடர்கடைகளில் தலையாயவை இவை இரண்டும். இன்று அவற்றைப் பாரம்பரியம் என்கிறோம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது ஒரு டிமார்ட்டின் மஞ்சள் வெளிச்சத்தை நினைத்து உருகி எழுதுவார். எழுதட்டும்.

ஆகவே எத்தனை கிளை என்ற கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. 1953இல் கையில் பெரிதாக எதுவுமில்லாமல் வந்த ஓர் அகதிக்கு நகரத்தின் நட்ட நடுவில், கல் கட்டடத்தில், ஒரு மூலை எப்படிக் கிடைத்தது என்பதே என் கேள்வி. அன்று அந்தக் கட்டடத்துக்குப் பதினெட்டு வயது. யாரும் அதைப் பாரம்பரியம் என்று சொல்லவில்லை. அது ஒரு சந்தை, அவ்வளவுதான்.

1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் இதைத் தெளிவாகப் பார்த்திருந்தார். புதிய முயற்சிகளுக்குப் பழைய கட்டடம் தேவை என்பது அவர் வாதம். அழகுக்காக அவர் அதைச் சொல்லவில்லை. புதுக் கட்டடம் கட்டிய கடனை வாடகையில்தான் அடைக்க முடியும், அந்த வாடகையைத் தாங்குவது வங்கிகளும் கிளை பரப்பிய கடைகளும் மட்டுமே. கடன் எப்போதோ அடைந்துபோன, கொஞ்சம் ஒழுகுகிற, சாதாரணப் பழைய கட்டடத்தில்தான் தையற்காரரும் பழைய புத்தகக்காரரும் பெயர் தெரியாத புது வியாபாரியும் கால் ஊன்ற முடியும். பெருஞ்செலவில் புதுப்பித்த அருங்காட்சியகப் பழைமையை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுப்பித்த மறுநாள் அது வாடகைக் கணக்கில் புதுக் கட்டடம். கல்லுக்கு மட்டும்தான் வயது மிஞ்சுகிறது.

பாஸ்டன் நகரத்தின் க்வின்ஸி மார்க்கெட் கதை இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. 1826இல் கட்டிய சந்தை, 1976இல் ஜேம்ஸ் ரௌஸ் என்பவரின் நிறுவனம் புதுப்பித்துத் திறந்தது. ஆரம்பத்தில் பெரிய நிறுவனங்கள் வரத் தயங்கின. காலியாகத் தெரியக் கூடாதே என்று உள்ளூர் கைவினைக்காரர்களுக்குத் தள்ளுவண்டிகள் கொடுத்து நிறுத்தினார்கள். கூட்டம் அள்ளியது. பிறகு வாடகை ஏறியது, எல்லா ஊரிலும் இருக்கும் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. சின்ன வியாபாரியை வைத்து இடத்தைச் சூடாக்குவது, சூடானதும் அவரை எழுப்பிவிடுவது. இந்த வரிசை உலகம் முழுக்க மாறாமல் நடக்கிறது.

பினாங்கில் நடந்தது இன்னும் துலக்கமானது, நமக்கும் நெருக்கமானது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் சீனர்களும் தமிழர்களும் தலைமுறைகளாகக் குடியிருந்து வியாபாரம் செய்தார்கள். கீழே கடை, மேலே வீடு. அவர்களை அங்கே வைத்திருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது 1997இல் ரத்தானது, 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு முழுமையாக விலகியது. எட்டு வருடம் கழித்து, 2008இல், யுனெஸ்கோ வந்து அந்த நகரத்தை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. வாழும் பண்பாட்டையும் சேர்த்துத்தான் அந்தப் பெருமை வழங்கப்பட்டது. வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் புறநகர் அடுக்ககங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். வீடுகள் சிறு ஓட்டல்களாகவும் காபிக் கடைகளாகவும் அழகாக இருக்கின்றன. யாரும் எதையும் இடிக்கவில்லை, சட்டப்படி ஒரு தவறும் இல்லை.

நம் சட்டங்களும் கல்லைத்தான் பார்க்கின்றன. ஹைதராபாத்தில் நகர வளர்ச்சி ஆணையத்தின் பாரம்பரியக் கட்டட விதி 1995இல் வந்தது, 2015இல் நீக்கப்பட்டது, 2017இல் தெலங்கானா புதிய பாரம்பரியச் சட்டம் கொண்டுவந்தது. எர்ரம் மன்ஸில் அரண்மனையை இடித்துச் சட்டமன்றம் கட்ட அரசு முடிவெடுத்தபோது 2019இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்காக உழைத்தவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் பேசுவதற்குக் கட்டடமே இருந்திருக்காது. ஆனால் இந்தச் சண்டைகளெல்லாம் முகப்பு, உயரம், இடிக்கலாமா கூடாதா என்பவற்றைப் பற்றியே நடக்கின்றன. உள்ளே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் குத்தகைக் காகிதத்தைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. வளைவு வாசலின் அகலத்தை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். அந்த வாசலுக்குள் அறுபது வருடம் அத்தர் விற்றவரை மாற்ற ஒரு நோட்டீஸ் போதும்.

எம்.ஜே. மார்க்கெட்டில் பழைய கடைகள் தப்பியதற்கு நான் சொல்லும் காரணம் கவர்ச்சியற்றது: அங்கே வீட்டுக்காரர் மாநகராட்சி. வாடகையைச் சந்தை விலைக்கு ஏற்றுவது ஒரு தனி முதலாளிக்கு ஒரு நாள் வேலை. மாநகராட்சிக்கு அது கோப்பு, கூட்டம், ஆட்சேபம், தேர்தல். ஐஸ்கிரீமின் ருசியோ, நம் ஏக்கமோ, அந்தக் கடைக்காரர்களைக் காப்பாற்றவில்லை. அரசின் மெத்தனம் காப்பாற்றியது. மெத்தனத்தைக் கொள்கை என்று நம்பிவிடக் கூடாது. நல்ல வருமானம் தேடும் ஓர் ஆணையர் வந்தால் போதும். மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள முனைக்கடைக்கு ஏலம் விட்டால் எந்தப் பெயர் வரும் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மும்பையில் அந்தப் பெயர் வந்தேவிட்டது. 2012 அக்டோபரில் ஸ்டார்பக்ஸ் இந்தியாவில் தன் முதல் கடையை ஹார்னிமன் சர்க்கிளின் எல்ஃபின்ஸ்டன் கட்டடத்தில் திறந்தது. கட்டடம் டாடாவுடையது, கடையில் பங்காளியும் டாடா. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே குடும்பம். அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், ஃப்ளோரா ஃபவுண்டன் எதிரே இஸ்மாயில் பில்டிங்கில் 2017இல் ஸாரா வந்தது. முகப்பைப் பழுதுபார்த்து விளக்கு ஏற்றினார்கள். 2025இல் காலி செய்துவிட்டுப் போனார்கள். பெரியவர்களும் நிலையாக இருப்பதில்லை. ஹைதராபாத்தில் 2001இல் கூட்டம் முண்டியடித்த பிக் பஜாரை நினைத்துப்பாருங்கள். அதன் தாய் நிறுவனம் வாடகை கட்ட முடியாமல் திணற, பல கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் கடைகளையே எடுத்துக்கொண்டது. நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யத்தை வீழ்த்தியது போட்டியாளரின் சரக்கோ விலையோ அல்ல, குத்தகைப் பத்திரம். அண்ணாச்சி கடைக்கு நடப்பதுதான் அதற்கும் நடந்தது, அளவு மட்டும் வேறு.

சென்னையில் தாக்குப்பிடித்தவர்களைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். ஹிக்கின்பாதம்ஸ் அந்த 1904 கட்டடத்தில் இன்னும் இருப்பதற்குக் காரணம் அது வாடகைக்கு இல்லை என்பதுதான். சொந்தக் கட்டடம் இருந்தும் ஸ்பென்சர் 1983இல் தீயில் போனது. அது வேறு விதி. சொந்தக் கட்டடம் இல்லாதவர்களுக்கு மூர் மார்க்கெட். 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த மாநகராட்சிச் சந்தை, எம்.ஜே. மார்க்கெட்டுக்கு மூத்த அக்காள் என்றே சொல்லலாம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ். 1985இல் எரிந்தது. நிலம் ரயில்வேக்குப் போனது. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கூரை கொடுத்தார்கள், வாடிக்கை வழியைக் கொடுக்கவில்லை. சென்ட்ரலில் இறங்கியவன் தன்னையறியாமல் புகுந்து வெளிவந்த பாதை அது. படியேறித் தேடிப் போய்ப் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியோடு முடிந்து, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தை மையமாக்கிய புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் எத்தனையோ பழைய கடைகள் அந்தப் பழைய சட்டத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தவை. மயிலாப்பூரிலும் மதுரையிலும் கோயில் நிலத்துக் கடைகளின் வாடகையை அறநிலையத்துறை ஏற்றும்போதெல்லாம் எழும் கூக்குரலும் இதே ரகம்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய வாடகை புனிதமானதல்ல. மாநகராட்சிக் கடையை நூற்றுக்கணக்கில் வாடகைக்கு வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் உள்வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாவி கைமாறும்போது பக்டி, குட்வில் என்று லட்சங்கள் ரசீதில்லாமல் கைமாறும். மாநகராட்சிக்குப் போக வேண்டிய பணம் முதல் குடித்தனக்காரரின் பேரனுக்குப் போகிறது. கோயிலுக்குப் போக வேண்டியது இடைத்தரகருக்குப் போகிறது. இதைப் பார்த்து வயிறெரியும் அதிகாரியை என்னால் குறை சொல்ல முடியாது. இதைவிட மோசமானது, இந்த ஏற்பாடு உள்ளே இருப்பவரை மட்டுமே காக்கிறது. இன்று ஒரு ராம்நானி வந்தால் எம்.ஜே. மார்க்கெட்டில் அவருக்கு மூலை கிடையாது. பழைய கடைக்காரர் விட மாட்டார், விட்டால் குட்வில் கேட்பார். காலியானால் ஏலம். மூன்று வழியும் மூடியிருக்கிறது. நாம் காப்பாற்றியிருப்பது 1953இன் விளைச்சலை. 1953ஐ விளைய வைத்த நிலத்தை அல்ல.

வேறு எப்படிச் செய்யலாம் என்று கேட்டால், பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. கட்டடம் அரசுடையது என்றால் நிபந்தனை எழுதும் பேனாவும் அரசுடையதுதான். கடையை நடத்துபவர் பெயரிலேயே குத்தகை, உள்வாடகைக்கு விட்டால் ரத்து, விற்பனையில் ஒரு பங்கு வாடகை, ஐந்தில் ஒரு மல்கியாவது முதல் முறை கடை வைப்பவருக்கு என்று பத்து வரியில் எழுதிவிடலாம். மல்கி என்றால் கடையறை, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விற்பனையில் பங்கு என்பது விமான நிலையங்களிலும் மால்களிலும் தினமும் நடப்பது. ஒரு பெரிய காபி நிறுவனத்திடம் வாங்கத் தெரிந்த கணக்கை ஒரு பிஸ்தாக் கடைக்காரரிடம் வாங்க முடியாதா? கணக்குக் காட்ட மாட்டார்களே என்பார்கள். இன்று இருபது ரூபாய் டீக்குக்கூட க்யூஆர் ஒட்டியிருக்கிறது.

இது அவசரமாகச் சொல்ல வேண்டியதும்கூட. எம்.ஜே. மார்க்கெட் கொடுத்த உற்சாகத்தில் பழைய நகரத்தில் வேலைகள் தொடங்கியிருக்கின்றன. சார்மினார் அருகே முர்கி சவுக், மீர் ஆலம் மண்டி, சர்தார் மஹால் ஆகியவற்றுக்கு 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். முர்கி சவுக்கும் மண்டியும் வியாபாரம் நடக்கும் இடங்கள். வேலை முடிந்து சாவி கொடுக்கும் நாளில் பழைய பெயர்ப்பட்டியல் இருக்குமா, புது டெண்டர் இருக்குமா என்பதைப் படத்தில் உள்ள குவிமாடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய கடைகளுக்காகக் கண்ணீர் விடுவோர் வசதியாக மறக்கும் இன்னொன்றும் உண்டு. எம்.ஜே. மார்க்கெட்டும் பத்தர்கட்டியின் கல் வளைவுக் கடைவீதியும் அந்தக் காலத்து மறுசீரமைப்புத் திட்டங்கள்தாம். 1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி நகரத்தைச் சூறையாடிய பிறகு, 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அது நெரிசல் குடியிருப்புகளை அகற்றியது, சாலை விரித்தது, ஒரே சீரான முகப்போடு கடை வரிசைகள் எழுப்பியது. அகற்றப்பட்ட சந்துகளில் என்னென்ன கடைகள் இருந்தன, அவர்களில் எத்தனை பேருக்குக் கல் வளைவுக்குள் இடம் கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. அவர்கள் பெருமைப் பலகை மாட்டிக்கொள்ளாதவர்கள்.

பட்டான்செருவில் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் வாரத்தில் பல நாள் காலை இட்லி சாப்பிடுகிறேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பேருந்து நிலையத்தை அடுத்த சந்தில் எட்டடி அகல மல்கி, முன்னால் நீட்டிய தகரம், அதற்குக் கீழே இரண்டு அடுப்பு. ஆலைக்கு ஷிஃப்ட் போகிற ஒடிசாக்காரப் பையன்களுக்குப் பூரி, உள்ளூர்க்காரர்களுக்கு வேர்க்கடலைச் சட்னி, என் போன்றவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னி சின்னக் கிண்ணத்தில் தனியாக இருக்கும், கேட்டால்தான் வரும். பொங்கல் ஞாயிறு மட்டும். பலகையில் தெலுங்கில் ‘தமிழ்நாடு டிபன்ஸ்’ என்று இருக்கிறது. நெடுஞ்சாலையின் மறுபுறத்தில் கண்ணாடி முகப்போடு கிளைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றால் தன் வியாபாரம் குறைந்ததாக அவர் சொன்னதில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளும் இவரிடம்தான் சாப்பிட வருகிறார்கள்.

அவருடைய கவலை பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் சிக்கலையும் தவிர்க்க, இந்தியா முழுக்கப் பதினோரு மாத ஒப்பந்தம்தான். இதற்கிடையே, ஹைதராபாத் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மியாப்பூரிலிருந்து பட்டான்செரு வரை பதின்மூன்று கிலோமீட்டர் பாதை திட்டத்தில் இருக்கிறது. முதல் கட்டத்தில் பஞ்சகுட்டாவிலும் ஹைடெக் சிட்டியிலும் நிலையத்தை ஒட்டி மால்களே எழும்பின. ஆகவே இங்கேயும் நிலையத்துக்குக் கீழே கடையறைகள் வரும். அவை எந்த நிபந்தனையில், யாருக்கு என்று கேட்க இப்போதே சரியான நேரம், கட்டடம் எழுவதற்கு முன். எங்கள் ஊருக்கும் ஒருநாள் எண்பது வயதுக் கட்டடம் வேண்டாமா?

இதையெல்லாம் அவரிடம் ஒருநாள் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவு ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“மெட்ரோ வரும்போது வரட்டும் சார். வாடகை இப்பவே வந்துடுச்சு. ஓனர் போன வாரம் சொல்லிட்டார், அடுத்த அக்ரிமென்ட்ல ஒண்ணரை மடங்கு. கட்ட முடியாதுன்னா சாவியக் குடுன்னுட்டார்.”

“என்ன செய்யப் போறீங்க?”

“இஸ்நாபூர் தாண்டிப் பாத்துட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் அந்தப் பக்கம் இருக்காங்களா சார்? ஒரு ஷட்டர் போதும். போர்த் தண்ணி மட்டும் நல்லா வரணும்.”